வேலை தேடும் காலத்தில் யாரிடம், எந்த வரிசையில், எப்படிப் பேசுவது: முழுமையான வழிகாட்டி

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வேலை தேடிக்கொண்டிருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சென்னையில் நான் பார்த்துவந்த கணக்கர் வேலை ஒரு நாள் திடீரென்று நின்றுபோனது. ஊருக்குத் திரும்பி எட்டு மாதம் தேடினேன். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வேலை தேடும் பிள்ளைகள் சிலர் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து பேசத் தொடங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் செய்யும் பிழை ஒன்றுதான்: கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்கு பயோடேட்டாவை அனுப்பி, ‘ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். பதில் வராமல்போனதும், தங்களுக்கு ஆள் பலம் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஆள் பலத்தை உண்டாக்கிக்கொள்ள முடியும், ஆனால் வரிசை மாறக் கூடாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு பக்கத்துக்கு மேற்படாத பயோடேட்டா ஒன்று, பி.டி.எஃப். வடிவில், உங்கள் பெயரையும் நீங்கள் தேடும் பணியையும் கோப்பின் பெயராகக் கொண்டு இருக்கட்டும். ‘ரெஸ்யூம் ஃபைனல் 3’ என்ற பெயரில் வரும் கோப்பைப் பெறுபவர் மறுநாள் தன் கைபேசியில் தேடினால் கண்டுபிடிக்க மாட்டார். உங்களை யாரிடமாவது சொல்ல நினைத்தவர்கூட அந்த இடத்தில் விட்டுவிடுவார்.

வாட்ஸ்ஆப் படத்தில் உங்கள் முகம் தெரிய வேண்டும். நடிகர் படமோ மழலைப் படமோ இருந்தால், எண்ணைச் சேமித்து வைக்காதவருக்கு நீங்கள் யாரென்றே விளங்காது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பயன் இரண்டாம் படியில் வருகிறது.

வீட்டில் எத்தனை மாதத்துக்குச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆட்களிடம் பேசுவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். கணக்குத் தெரியாதவன் எல்லா மாதத்தையும் கடைசி மாதமாக நினைத்துப் பதறுகிறான், அந்தப் பதற்றம் தொலைபேசியில் அப்படியே கேட்கும்.

1. தேடும் வேலையை ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள்

‘எந்த வேலையா இருந்தாலும் சரிண்ணே’ என்பதைப் போல உதவாத வாக்கியம் வேறொன்றில்லை. சொல்பவருக்கு அது பணிவாகத் தோன்றுகிறது, கேட்பவருக்கோ அது சுமையாகிவிடுகிறது. தனக்குத் தெரிந்த அத்தனை கடைகளையும் ஆலைகளையும் அலுவலகங்களையும் அவர் மனத்துக்குள் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். யாரும் அப்படிப் புரட்டுவதில்லை. ‘சரிப்பா, சொல்றேன்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

என்ன வேலை, இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள், எந்த ஊர், எப்போது சேர முடியும் என்ற நான்கும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். ‘டேலியில் மூன்று ஆண்டு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்திருக்கிறேன்; மதுரையிலோ திருச்சியிலோ மொத்த வியாபாரம் செய்யும் இடத்தில் கணக்கர் வேலை தேடுகிறேன்; அடுத்த மாதமே சேரலாம்’ என்று சொன்னால், கேட்பவர் மனத்தில் ஒன்றிரண்டு முகங்களாவது உடனே வந்து நிற்கும். வரம்பைக் குறுக்கினால் வாய்ப்பும் குறுகிவிடும் என்று அஞ்ச வேண்டாம், கணக்கர் வேலை என்று சொன்னவரிடம் ‘ஸ்டோர்ஸ் பார்ப்பியா தம்பி’ என்று கேட்க யாரும் தயங்குவதில்லை.

வீட்டில் ஒருவரிடம் இதைச் சொல்லிக் காட்டி, மறுநாள் அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் நினைவில் தங்காதது, ஊரார் நினைவிலும் தங்காது.

2. மொய் நோட்டைப் போல ஒரு நோட்டுப் போடுங்கள்

நம் வீடுகளில் மொய் நோட்டு இருக்கும் பெட்டியை யாரும் பரணில் போடுவதில்லை. யார் வந்தார், எந்த ஊர், என்ன எழுதினார், நாம் எப்போது திரும்பச் செய்தோம் என்பது முப்பது ஆண்டு கழிந்தும் அதில் இருக்கும். வேலை தேடுபவருக்கும் அதே ஒழுங்கு வேண்டும். ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கம் ஒதுக்கி, பெயர், எவ்வழித் தெரிந்தவர், கடைசியாகப் பேசிய தேதி, அவர் சொன்னது, அதன்பின் நான் செய்தது, அதை அவரிடம் திரும்பச் சொன்ன தேதி என்று எழுதுங்கள். கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் இந்த முறை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

முதல் நாளே நாற்பது பெயர் எழுத முயலுங்கள். பதினைந்தில் பேனா நின்றுவிடும், ஏனென்றால் நாம் உறவினரையும் வகுப்புத் தோழரையும் மட்டுமே எண்ணுகிறோம். பழைய வேலையிடத்தின் ஒரு நாளைக் காலை முதல் மாலை வரை நினைத்துப் பாருங்கள். சரக்கு ஏற்றிய லாரி புக்கிங் அலுவலகத்தில் பில் போட்டவர், டேலி பழுது பார்க்க வந்தவர், ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து கோப்பு வாங்க வந்த உதவியாளர், வங்கியில் காசோலை வாங்கிக்கொண்டவர் என்று ஆட்கள் வரிசையாக வருவார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் நாள்தோறும் பல நிறுவனத்தாரோடு பழகுகிறவர்கள். எங்கே ஆள் விலகினார் என்ற செய்தி, விளம்பரம் வருவதற்குப் பல நாள் முன்பே அவர்கள் காதில் விழும்.

புதுவயல் அரிசி ஆலைகளில் வேலை தேடிய ஒரு தம்பிக்கு வழி திறந்தவர் ஆலைக்காரர் அல்லர், அந்த ஆலைகளுக்குச் சாக்கு கொடுத்துவந்தவர். அவர் பெயர் முதல் பட்டியலில் இல்லவே இல்லை.

3. முதலில் மூன்று பேர், அவர்களிடம் வேலை கேட்கக் கூடாது

நோட்டு நிரம்பியதும் உடனே எல்லோரையும் அழைக்கத் தோன்றும். பொறுங்கள். உங்களைத் தாங்கிப்பிடிக்க மூன்று பேர் முதலில் வேண்டும். நொந்துபோய்ப் பேசினாலும் கேட்டுக்கொள்பவர் ஒருவர். பயோடேட்டாவிலும் பேச்சிலும் உள்ள குறையை முகத்துக்கு நேரே சொல்லும் துறைக்காரர் ஒருவர். உங்களைப் போலவே வேலை தேடிக்கொண்டிருப்பவர் ஒருவர். மூன்றும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஆறுதல் சொல்பவர் திருத்த மாட்டார், திருத்துபவரிடம் அழ முடியாது.

மூன்றாமவரோடு வாரம் ஒரு நாள், அரை மணி நேரம் பேச்சு. அந்த வாரம் எத்தனை பேரிடம் பேசினோம், யாருக்குத் திரும்பச் சொல்லவில்லை, அடுத்த வாரம் யார் என்பவை மட்டும் பேசப்படட்டும். நாட்டு நடப்புக்குப் போனால் அரை மணி நேரமும் அதிலேயே கழியும்.

வீட்டாரிடமும் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நாள்தோறும் ‘என்னப்பா ஆச்சு’ என்று கேட்பவர்களிடம், சனிக்கிழமை இரவு நானே சொல்கிறேன் என்று சொல்லி, சொன்னபடி சொல்லிவிடுங்கள். வாரம் தவறாமல் செய்தி வந்தால் கேள்வி தானாகக் குறையும்.

இங்கே என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஊருக்கு வந்த முதல் நான்கு மாதம், அக்கம்பக்கத்தாரிடம் எங்கள் அம்மா ‘லீவுல வந்திருக்கான்’ என்றே சொல்லிவந்தார், நானும் தடுக்கவில்லை. ஐந்தாம் மாதம் எதிர்வீட்டு ஆச்சியிடம் உண்மையைச் சொன்னபோது, அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, ‘அட, எங்க தம்பி மகன் கணக்குக்கு ஆளு கேட்டு ரெண்டு மாசமா அலைஞ்சானே, போன வாரந்தானே ஒரு பையனைச் சேர்த்தான்’ என்றார். வேலை போனதை மறைத்தால் மானம் காக்கப்படும் என்று எண்ணினேன். செய்தி எனக்கு வரும் வழியைத்தான் அடைத்திருக்கிறேன்.

4. அடுத்தது நெருங்கியவர்கள் அல்லர், அரைகுறையாகத் தெரிந்தவர்கள்

உங்கள் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஏனென்றால் இருவரும் ஒரே வட்டத்தில் புழங்குகிறீர்கள். எப்போதாவது பார்ப்பவர் வேறொரு வட்டத்தில் புழங்குகிறார். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1970களின் தொடக்கத்தில் இதை அளந்து காட்டினார். பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அவர் விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்துவந்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர். எப்போதாவது சந்தித்தவர்கள் 56 விழுக்காட்டினர். அரிதாகவே சந்தித்தவர்கள் 28 விழுக்காட்டினர். அவர் கேட்டது ஒரு சிறு நகரத்து அலுவலகப் பணியாளர்களிடம்தான் என்றாலும், என் நோட்டும் அதையே சொல்கிறது.

ஆகவே கல்லூரியில் இரண்டு வகுப்பு மூத்தவர், பழைய அலுவலகத்தின் வேறு பிரிவில் இருந்தவர் போன்றவர்களுக்கே முதலில் எழுதுங்கள். எழுதும்போது மூன்று செய்தி போதும்: நான் யார், உங்களிடம் எதைக் கேட்க நினைக்கிறேன், எவ்வளவு நேரம் ஆகும். ஒரு மாதிரி:

‘வணக்கம் அண்ணா. அழகப்பா கல்லூரியில் உங்களுக்கு இரண்டு வகுப்பு இளையவன். கலை விழா வரவு செலவை உங்களோடு சேர்ந்து எழுதினேன். மூன்று ஆண்டு கணக்கர் வேலை பார்த்துவிட்டு இப்போது திருச்சியில் வேலை தேடுகிறேன். விநியோக நிறுவனங்களில் கணக்கருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று உங்களிடம் பத்து நிமிடம் கேட்க விரும்புகிறேன். இந்த வாரம் எந்த நேரம் அழைக்கலாம்?’

பயோடேட்டாவை இதனோடு இணைக்காதீர்கள். இணைத்தால் கேள்வி மறைந்து விண்ணப்பம் மட்டுமே நிற்கும். அவரிடம் வேலை இல்லையென்றால் பதில் சொல்ல அவருக்கு ஒன்றுமில்லை.

‘ஹாய்’ என்று மட்டும் அனுப்பிக் காத்திருப்பதும், காலை வணக்கப் படங்களை அனுப்பித் தொடர்பைக் காப்பதாக எண்ணுவதும், மூன்று நிமிடக் குரல் பதிவு அனுப்புவதும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழைகள். ஒரே செய்தியை நாற்பது பேருக்கு அனுப்புவது அதைவிடக் கேடு, பெயரை மாற்ற மறந்து ஒரு தம்பி அப்படி மாட்டிக்கொண்டார்.

5. ஊர் கூடும் நாட்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்

சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் செட்டிநாட்டுக்கு வரும் நாட்கள் முன்பே தெரிந்தவை. தையில் நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல், தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழநிக்குப் போகும் பாதயாத்திரை, பங்குனியில் கம்பன் விழா, பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி, இவற்றுக்கு நடுவே முகூர்த்த மாதத்துத் திருமணங்கள். அலுவலகத்தில் பத்து நிமிடம் தர முடியாதவர் இங்கே ஓய்வாக இருப்பார். அதனாலேயே அவரது ஓய்வைக் கெடுக்காமல் இருப்பதும் முக்கியம்.

மொய் எழுதும் இடத்திலும் பந்தியிலும் வேலைப் பேச்சை எடுக்காதீர்கள். கையில் பயோடேட்டாவும் வேண்டாம், சந்தனக் கையோடு அதை வாங்கி அவர் எங்கே வைப்பார்? அந்த இடத்தில் செய்ய வேண்டியது, ஒருவர் மூலம் அறிமுகமாவதும், மறுநாளோ மறுவாரமோ அழைக்க அனுமதி கேட்பதும்தான். பாதயாத்திரை மட்டும் விலக்கு. பக்கத்தில் மணிக்கணக்காக நடப்பவரிடம் பேச்சு தானாகவே தொழிலுக்கு வந்துவிடும்.

நினைவில் நிற்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். நீங்கள் உண்மையாகவே அறிந்த ஒரு சிறு செய்தியைச் சொல்லுங்கள். கானாடுகாத்தான் பக்கத்துப் பெண் ஒருவர், சிவில் டிப்ளமோ படித்தவர், ஒரு வளவு வீட்டுத் திருமணத்தில் கட்டடக்கலைஞர் ஒருவருக்கு அறிமுகமானார். அவர் தரையைப் பார்த்து, சூளையில் சுடாத கல்லுக்கு இந்தப் பளபளப்பு எப்படி வருகிறது என்று வியந்தார். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின்மேல் வார்ப்பார்கள், வண்ண சிமென்ட் கண்ணாடியை ஒட்டி இறுகுவதால் அதன் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது, பிறகு தண்ணீரில் போட்டு எடுப்பார்கள் என்று இந்தப் பெண் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். பெண்ணின் சித்தப்பா அந்தக் கல்லை வார்க்கும் பட்டறையில் இருந்தவர். மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் அழைத்தபோது, பெயர் மறந்திருந்த கட்டடக்கலைஞருக்குக் ‘கண்ணாடித் தகட்டுப் பெண்’ என்றதும் நினைவு வந்துவிட்டது.

6. பத்து நிமிடப் பேச்சை நடத்தும் முறை

நேரம் அறிந்து அழையுங்கள். கணக்குத் துறையினரை மாதத்தின் 11, 20 ஆகிய தேதிகளை ஒட்டி அழைக்காதீர்கள், மாதந்தோறும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-1, 3பி படிவங்களின் கடைசி நாட்கள் அவை. ஒவ்வொரு தொழிலுக்கும் இப்படி ஒரு நெருக்கடி நாள் உண்டு. அதை அறிந்து தவிர்த்தால், தொழில் தெரிந்தவர் என்ற எண்ணம் நீங்கள் பேசும் முன்பே ஏற்படும்.

மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடத்தில் புதிதாகச் சேர்பவர் முதல் மாதத்தில் எதில் தடுமாறுகிறார்? என் அனுபவத்தில் எது குறைகிறது? இந்தத் துறையில் நான் வேறு யாரிடம் பேச வேண்டும்? முதலிரண்டு கேள்விகள் அவருக்கு மட்டுமே தெரிந்ததைக் கேட்பவை, ஆதலால் மகிழ்ந்து சொல்வார். மூன்றாவது உங்களை அடுத்த ஆளிடம் கொண்டு சேர்க்கும். அதோடு, ‘நீங்கள் சொன்னதாகச் சொல்லலாமா?’ என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகே பெயரைப் பயன்படுத்துங்கள். அனுமதியின்றிப் பெயரைச் சொன்னால் அது எப்படியும் அவர் காதுக்குத் திரும்பி வரும், பிறகு அந்தக் கதவு திறக்காது.

வேலை இருக்கிறதா என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. இருந்தால் அவரே சொல்வார். பத்து நிமிடம் ஆனதும் நீங்களே, ‘நேரமாகிவிட்டது அண்ணா’ என்று சொல்லி முடியுங்கள்.

7. என்ன ஆயிற்று என்று திரும்பச் சொல்லுங்கள்

அன்று மாலையே நன்றி சொல்வது எல்லோரும் அறிந்ததுதான். நான் சொல்வது அதற்கு அடுத்தது. அவர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார், பார்த்தீர்கள். எக்செல்லில் பிவட் டேபிள் கற்கச் சொன்னார், கற்றீர்கள். இதை இரண்டு மூன்று வாரத்துக்குள் அவரிடம் சொல்ல வேண்டும். பயன் இல்லாமல் போனாலும் சொல்ல வேண்டும். ‘நீங்கள் சொன்னவரைப் பார்த்தேன், அங்கே இப்போது இடமில்லை, ஆனால் சரக்கிருப்புக் கணக்கு எப்படி வைக்கிறார்கள் என்று காட்டினார்’ என்ற இரண்டு வரி போதும்.

யோசனை சொல்பவருக்கு, அது என்ன ஆயிற்று என்பது அனேகமாகத் தெரியவே வராது. எனக்கு வேலை கிடைத்த வழியும் இதுதான். ஆறாம் மாதம், திருச்சியில் ஒரு முறை மட்டுமே பார்த்திருந்த பெரியவருக்கு அவர் சொன்னது பலிக்கவில்லை என்று சொல்லத்தான் அழைத்தேன். சற்று நேரம் பேசாமலிருந்தவர், ‘தம்பி, எங்கிட்ட எத்தனையோ பேரு வந்து கேட்டுட்டுப் போறாங்க, என்ன ஆச்சுன்னு திருப்பிச் சொன்னது நீ ஒருத்தன்தான்’ என்றார். ஏழாம் மாதம் அவரே அழைத்து ஓரிடம் சொன்னார். நேர்காணல், சம்பளப் பேச்சு எல்லாம் முடிந்து நான் சேர எட்டாம் மாதமாயிற்று.

நோட்டின் கடைசிக் கட்டம் வெறுமையாக உள்ள பெயர்களை வாரம் ஒரு நாள் பாருங்கள். அவர்களுக்குச் சொல்லி முடித்த பிறகே புதியவர்களை அழையுங்கள். பலரும் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள்.

8. உங்களிடமிருந்தும் ஏதாவது போகட்டும்

வேலையில்லாதவரிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், நேரம் இருக்கிறது. உங்களுக்குப் பொருந்தாத வேலை விளம்பரத்தைப் பொருந்துபவருக்கு அனுப்பலாம். ஓய்வூதியர் ஒருவருக்கு உயிர்வாழ்சான்றைக் கைபேசியில் பதிவு செய்து தரலாம். இதையே முழுநேரமாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் சும்மா இருப்பவனுக்கு வேலை சொல்ல ஆள் குறைவில்லை.

9. அரசு வழிகளில் பதிவு செய்யுங்கள், அங்கும் ஆட்களைப் பாருங்கள்

சிவகங்கையிலோ, நீங்கள் அந்த மாவட்டத்தவர் என்றால் புதுக்கோட்டையிலோ உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். தனியார் நிறுவனங்களில் சேர்வதற்குத் தமிழ்நாடு தனியார்துறை வேலை இணையதளத்திலும் இலவசமாகப் பதியலாம். போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் உண்டு. படிப்பைவிட, கூடப் படிப்பவர்கள் கிடைப்பது பெரிய பயன். வேலைவாய்ப்பு முகாமில் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவரின் எண்ணையும் வாங்குங்கள். மூன்றாம் படியில் சொன்ன மூன்றாமவர் பலருக்கு அங்கேதான் கிடைக்கிறார்.

10. பணம் கேட்கும் இடத்தில் பேச்சை நிறுத்துங்கள்

வட்டம் பெருகும்போது தவறான ஆட்களும் வருவார்கள். நேர்காணலுக்கு முன்பே வைப்புத்தொகை, பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக் கட்டணம் என்று கேட்டால் அது வேலை ஆகாது. வெளிநாட்டு வேலையென்றால், முகவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்ப வேண்டாம்.

‘நம்ம ஊர்க்காரர்தான் சொன்னார்’ என்பது சான்றாகாது, சொன்னவரும் ஏமாந்தவராக இருக்கலாம். இணையவழியில் பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள், விரைவில் சொன்னால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

11. வேலை கிடைத்த பத்து நாளுக்குள்

நோட்டை எடுத்து, முதல் பெயரிலிருந்து எல்லோருக்கும் எங்கே, என்ன வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். உதவ முடியாமல்போனவர்களையும் விடாதீர்கள். சொல்லாவிட்டால், வேலை கிடைத்தது தெரியாமல் அவர்களில் சிலர் உங்களுக்காக இன்னும் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார்கள். உங்களோடு வேலை தேடிய அந்த மூன்றாமவருக்கோ வெறும் செய்தி அனுப்பினால் போதாது. அவருக்கும் ஓரிடம் கிடைக்கும்வரை, புது வேலையின் அலைச்சலுக்கு நடுவிலும், வாரத்தின் அந்த அரை மணி நேரத்தை அவருக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.